ஐந்து வயல், ஒரு லூட்

வயலின் இல்லையாம், வயல்.
போனில் எனக்கு அப்படித்தான் விழுந்தது.
ஐந்து வயல், ஒரு லூட்,
சனிக்கிழமை ஆறு மணி, தரங்கம்பாடி சர்ச்.
வயலை எப்படி அண்ணே வாசிப்பார்கள் என்றான் ரிச்சர்டு.
பொறையாறிலிருந்து குட்டியானையில் ஏற்றினோம்
எட்டு பாக்ஸ், மிக்ஸர், பன்னிரண்டு மைக்.

வாசலிலேயே ஒரு வெள்ளைக்காரம்மா கும்பிட்டார்.
மைக் வேண்டாம்.
பிறகு அண்ணாந்து பார்த்தார்.
ஃபேனும் வேண்டாம்.

ஷந்தால் என்ற புதுச்சேரிப் பெண்
தமிழில் விளக்கினாள்:
நானூற்றைம்பது வருஷத்துப் பாட்டு,
ஆட்டுக்குடல் நரம்பு,
காற்றின் ஈரத்திலேயே இறங்கிவிடும்.

ஆவணிப் புழுக்கம்.
சுருதி சேர்க்கவே முக்கால் மணி நேரம்.
லூட் என்பது
பூசணியைப் பாதியாய் அறுத்துக்
கழுத்தைப் பின்னால் ஒடித்துவிட்ட மாதிரி ஒன்று.
தாடிக்காரர் ஓர் ஆணியை முறுக்கினால்
இன்னொன்று இறங்கியது.
உடம்பு சரியில்லாத வாத்தியம் என்றான் ரிச்சர்டு.
நான் சிரிக்கவில்லை.
என் ஆம்ப்ளிஃபயருக்கும் மழைக்காலம் ஆகாது.

சுருதிப்பெட்டி இல்லை, மிருதங்கம் இல்லை.
முன்வரிசையில் நேசமலர் டீச்சர்
தொடையில் ஆதிதாளம் போட ஆரம்பித்தார்.
மூன்றாவது சுற்றில் கை தொலைந்துபோய்
அந்தரத்தில் கொஞ்சம் நின்று
முந்தானைக்குள் போய்விட்டது.

முதலில் சின்ன வயல், மெலிசாக, ஒரு வாக்கியம்.
அது முடியுமுன்னே
அடுத்தது அதையே சொன்னது.
முதலாவது வாயை மூடவில்லை,
வேறேதோ பேசிக்கொண்டே போனது.
பிறகு மூன்றாவது.
யார் பாட்டு, யார் பக்கவாத்தியம்?

இருபத்திரண்டு வருஷம் மிக்ஸரில் உட்கார்ந்தவன் நான்.
யாரை ஏற்றுவது, யாரை அடக்குவது,
கண் அதைத்தான் தேடும்.
கடைசி பெஞ்சில்
மடிமேல் கிடந்து தவித்தன விரல்கள்.

ஓரத்தில் ஒருவன்.
எல்லாவற்றிலும் பெரிய வயலை
முழங்கால்களுக்கிடையே கவ்வி,
உள்ளங்கை மேல்நோக்க வில்லைப் பிடித்து,
திருநீறுக்கு நீட்டிய கை மாதிரி,
காத்திருந்தான்.
நாலாவது ஆளும் சொல்லியாயிற்று.
இன்னும் காத்திருந்தான்.

எனக்கு அவனைத் தெரியும்.
கடைமடைக்காரன்.

வீரசோழனில் பிரிகிற வாய்க்காலின் கடைசியில்
மூன்று மா எனக்கு.
மேட்டூர் திறந்து எழுபது நாள்.
மேல்வயல் குடித்து, அடுத்த வயல் குடித்து,
என்னிடம் வரும்போது
தண்ணீர் என்ற பெயர்தான் வரும்,
அதிலும் பாதி சேறு.
வரப்பை வெட்டிவிட்டு
மண்வெட்டியோடு நிற்பவன் முகம் அது.

வில் இறங்கியது.

அதே வாக்கியம்.
நாலு வயல் பாய்ந்தும்
ஒரு சொல் வற்றாமல்,
கலங்காமல்,
பெஞ்சுப் பலகை வழியாக
என் முதுகெலும்புக்குள் ஏறியது.

ஃபேன் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.
எல்லார் முகமும் நனைந்திருந்தது.

அப்புறம் லூட் தனியாக.
கடல் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தது.
ஒரு மைக், ஒரே ஒரு மைக் போதும்,
வெளியே வண்டியில் பன்னிரண்டு கிடக்கிறது.
யாரும் கேட்கவில்லை.
நேசமலர் டீச்சர்தான் முதலில் எழுந்தார்.
பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரையில் இழுக்காமல்
தூக்கிக்கொண்டு
எல்லாரும் முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.
தாடிக்காரர் நிமிரவில்லை.
நானும் போனேன்.

பேசின வாடகை முழுசும் கொடுத்தார்கள்.
வாங்கக் கூச்சமாக இருந்தது.
வாங்கிக்கொண்டேன், டீசல் இருக்கிறதே.

திரும்பும் வழியில்
மதகோரம் வண்டியை நிறுத்திவிட்டு
இருட்டில் இறங்கிக் குனிந்து கேட்டேன்.
வரவில்லை.
இன்னும் கொஞ்ச நேரம் குனிந்திருந்தேன்.

ரிச்சர்டு ஹாரன் அடித்தான்.